பாயிரமும் வடிவெண்ணும்: எக்ஸ்.எம்.எல். ஐந்தாம் பதிப்பைப் பற்றிய ஒரு மதிப்பீடு

நூலொன்றைக் கையிலெடுப்போர் முதற்கண் அறிய விரும்புவன சில உள. அதனை ஆக்கியோன் யார், அஃது எவ்வழியில் வந்தது, எவ்வெல்லையில் வழங்குவது, அதன் பெயர் யாது, எவ்வாறு யாக்கப்பட்டது, எப்பொருளை நுதலிற்று, கேட்டற்குரியார் யாவர், பயன் யாது என்னும் எட்டினையும் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணமாகப் பவணந்தி முனிவர் நன்னூலிற் கூறினார். காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என அவரே குறித்துள்ளார். இவற்றை வெறும் மரபுச் சடங்காகக் கருதுதல் பொருந்தாது. ஒரு நூலை எவ்விதிகொண்டு படிக்கவேண்டும் என்பதைப் படிப்பவனுக்கு முன்னறிவித்தலே பாயிரத்தின் தலையாய பயனாகும்.

கணினியிலே சேமித்து வைக்கப்படும் ஆவணங்களுக்கும் இத்தகைய பாயிரம் ஒன்று உண்டு. அது மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரே வரியில் முடிவது. மக்கள் கண்ணுக்குப் புலனாகாது கணினிக்கு மட்டுமே உரைக்கப்படுவது. அதனை விளங்கிக்கொள்வதற்குக் குறியிடு மொழி என்பது யாதென முன்னர் அறிதல் வேண்டும். தோட்டமொன்றின் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். அதிலே ‘பூனாகலை’ என்று எழுதியிருப்பின், அஃது ஊர்ப்பெயர் என்பதை நாம் அறிவோம், கணினி அறியாது. ஆகவே அச்சொல்லுக்கு முன்னும் பின்னும் கோண அடைப்புக்குள் ‘ஊர்’ என்னும் குறிச்சொல்லை இடுகின்றோம். இவ்வாறே ஆளின் பெயருக்கும், பிறந்த ஆண்டிற்கும், பெற்றோர் பெயருக்கும் வெவ்வேறு குறிச்சொற்கள் இடப்படும். இம்முறையில் ஆவணம் அமைத்தற்குரிய பொதுவிதிகளின் தொகுதியே எக்ஸ்.எம்.எல். எனப்படுவது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதன் 1.0 வடிவத்தை 1998ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் தன் பரிந்துரையாக வெளியிட்டது.

அவ்விதிப்படி எழுதப்படும் ஆவணத்தின் தலைப்பிலே மூன்று செய்திகள் கூறப்படலாம். முதலாவது, எவ்வடிவத்து விதிகளைத் தழுவி அஃது எழுதப்பட்டது என்பது. இதனை வடிவெண் என்போம். இரண்டாவது, எந்த எழுத்துக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்பது. மூன்றாவது, ஆவணம் தன்னளவிலே நிறைந்ததா, புறத்தேயுள்ள விதிக்கோப்பொன்றைச் சார்ந்து நிற்பதா என்பது. நன்னூலார் கூறிய யாப்பும் வழியும் இவற்றோடு ஒருபுடை ஒப்பன. இச்சிறு பாயிரத்தின் முதலுறுப்பாகிய வடிவெண், 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் வெளிவந்த ஐந்தாம் பதிப்பினாலே தன் பொருளைப் பெரிதும் இழந்தது என்பது எமது கருத்து. அதனை நிறுவுதலும், அவ்விழப்பு நேர்ந்ததன் காரணத்தை நடுநிலையில் நின்று ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பொறியியலாளர் தமக்குள் நிகழ்த்தும் வழக்கென்று நாம் ஒதுக்கிவிடுதற்கில்லை. பாயிரமில்லாத ஆவணம் என்னாகும் என்பதை இலங்கைத் தமிழர் அனுபவத்தால் அறிவர். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் இந்நாட்டிலே தமிழைத் தட்டச்சிடுவோர் பலர் பாமினி என்னும் எழுத்துருவையே கையாண்டனர். அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை அமைத்தது. ‘தமிழ்’ என்னும் சொல், கோப்பினுள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே நின்றது. எழுத்துருவின் பெயர் நீங்கி, வெற்றுரையாக வேறொரு கணினிக்குச் சென்றபோது, அது தமிழென்று சொல்வாரில்லை. எழுதியவர் பிழை செய்திலர். படிப்பவரும் பிழை செய்திலர். இன்ன விதியால் எழுதப்பட்டது என்னும் ஒருவரி இன்மையே கேட்டிற்குக் காரணம்.

ஊவா மாகாணத்துத் தோட்டமக்களுக்கோ ஆவணம் என்பது வாழ்வோடு பிணைந்த பொருள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினாலே நாடற்றோராக்கப்பட்ட மக்கள், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது, இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டவேண்டியவராயினர். காட்ட இயலாதார் பலருடைய விண்ணப்பங்கள் தள்ளுண்டன. காகிதமோ மலைநாட்டிலே எளிதில் அழிவது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையிலே மலை சரிந்தபோது, லயன் வீடுகளும் அவற்றுள் இருந்தனவும் மண்ணுட் புதைந்தன. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பூனாகலைப் பகுதியின் கபரகலைத் தோட்டத்திலும் மண்சரிவு நேர்ந்தது. இந்நிலத்து ஏடுகளுக்குக் கணினியிலே ஒரு மறுபடி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அம்மறுபடி ஐம்பது ஆண்டு கழித்தும் படிக்கப்படுமா என்பதே வினா. அவ்வினாவுக்கு விடை வடிவெண்ணையும் பொறுத்தது.

இனி, வழக்கின் வரலாற்றைக் காண்போம். எக்ஸ்.எம்.எல். முதற்பதிப்பு, குறிச்சொற்களுக்கு நடுவே வரும் உரையில் ஏறத்தாழ ஒருங்குறியின் எவ்வெழுத்தும் வரலாமென இசைந்தது. ஆயின் குறிச்சொல்லின் பெயரிலே வரத்தக்க எழுத்துக்களை ஒவ்வொன்றாக எண்ணி ஒரு பட்டியல் வகுத்தது. அப்பட்டியல் 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறி 2.0ஐத் தழுவியது. தமிழ் அதில் இடம்பெற்றிருந்தது. சிங்களமோ 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறி 3.0இலேதான் சேர்ந்தது. ஆகவே தமிழெழுத்தால் ‘தோட்டம்’ என்று குறிச்சொல் அமைக்கலாம். அதே பொருளுடைய ‘வத்த’ என்னும் சொல்லைச் சிங்கள எழுத்தால் அமைத்தல் ஆகாது. இருமொழியும் வழங்கும் பதுளை மாவட்டத்திலே, ஒரே பதிவேட்டைத் தமிழர் தம் எழுத்தாற் குறியிட்டால் ஏற்கப்படும்; சிங்களர் தம் எழுத்தாற் குறியிட்டால் தள்ளப்படும். எத்தியோப்பிய, கெமர், பர்மிய, மங்கோலிய எழுத்துக்களுக்கும் இக்கதியே நேர்ந்தது. இதிலே எவருடைய வெறுப்பும் இல்லை; வளர்ந்துகொண்டிருக்கும் எழுத்துத் தொகுதியை ஒருநாளில் எண்ணிப் பூட்டிய குறையே உண்டு.

தமிழும் முற்றாகத் தப்பியதன்று. 2005ஆம் ஆண்டின் ஒருங்குறி 4.1இலே சேர்க்கப்பட்ட ஶகரம் அப்பட்டியலில் இல்லை. ஆய்தமோ உயிர்க்குறிகளோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டமையால், பெயரின் முதலில் நிற்கும் உரிமையைப் பெறவில்லை. ஆய்தம் மொழிக்கு முதலாகாது என்பது தமிழிலக்கண நூலாரும் உடன்பட்ட முடிபே. பட்டியல் வகுத்தோர் தமிழிலக்கணத்தைக் கருதி இவ்வாறு செய்திலர். எனினும் அவர் விதி இவ்விடத்திலே நம் இலக்கணத்தோடு தற்செயலாக ஒத்தது.

இக்குறைகளை நீக்க எழுந்ததே எக்ஸ்.எம்.எல். 1.1 என்னும் வடிவம். 2004ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் வெளிவந்த அது, வரத்தக்க எழுத்துக்களை எண்ணுதலை விடுத்து, ஆகாதன சிலவற்றை விலக்கி, ஏனைய பரப்பனைத்தையும் திறந்துவிட்டது. இனித் தோன்றும் எழுத்துக்களுக்கும் இடமளித்தது. விதி மாறியமையால் எண்ணையும் மாற்றிற்று. ஆவணந்தோறும் வடிவெண் கூறுதலைக் கட்டாயமும் ஆக்கிற்று. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து, தான் வேண்டிய வேறுபாட்டையும் மரபு கெடாது சேர்ப்பதே வழிநூல் என்பர் இலக்கண நூலார். 1.1ஐ அவ்வாறான வழிநூலாகவே அதன் ஆசிரியர் கருதினர் எனலாம்.

ஆயினும் அது வழக்கிற்கு வரவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, தாம் அறியாத வடிவெண்ணைக் கண்டால் பிழையெனக் கூறும் உரிமை பழைய மென்பொருள்களுக்கு இருந்தது. படிப்பாரில்லையென்று எழுதுவோர் எழுதவில்லை. எழுதுவாரில்லையென்று மென்பொருள் ஆக்குவோர் அதனைப் படிக்கும் ஆற்றலைச் சேர்க்கவில்லை. இரண்டாவது, 1.1 முதல்நூலின் முடிபோடு முற்றும் ஒத்ததன்று. பெருங்கணினிகளின் வழக்கை ஏற்று, குறியெண் 133ஐ அது வரிமுடிவாகக் கொண்டது. அதனையொழிந்த 127 முதல் 159 வரையிலான கட்டுப்பாட்டுக் குறிகள் உரையிலே நேராக வருதலையும் விலக்கிற்று. 1.0 இவற்றுக்கு இடங்கொடுத்திருந்தது.

இதன் விளைவைத் தமிழிலிருந்தே காட்டலாம். ஒருங்குறிக்கு முன்னர் இணையத்திலே பெரிதும் வழங்கிய திஸ்கி என்னும் குறியேற்றத்தில், கிரந்த எழுத்துக்களாகிய ஜ, ஷ, ஸ, ஹ என்பன முறையே 131 முதல் 134 வரையிலான இடங்களைப் பெற்றன. திஸ்கியில் எழுதிய உரையை மேலைநாட்டு இலத்தீன் குறியேற்றமெனப் பொய்ப்பாயிரமிட்டு ஒருவர் ஆவணமாக்கினார் எனக் கொள்வோம். 1.0 விதியிலே அது தடையின்றிச் செல்லும். தலைப்பிலுள்ள எண்ணை மட்டும் 1.1 என்று மாற்றினால், ஜகரமும் ஷகரமும் ஹகரமும் பிழையாகும். ‘ஸரஸ்வதி’ என்பதன் முதலெழுத்தோ வரிமுடிவாக மாறி மறைந்துபோகும். முதற்குற்றம் பொய்ப்பாயிரத்தினது என்பது மெய்யே. எனினும், வடிவெண் ஒன்று மாறும்போது எழுத்தொன்று இல்லாமற்போகும் என்றால், அவ்வெண் எத்துணைப் பொறுப்புடையது என்பது இதனாற் புலனாகும்.

இந்நிலையிலே ஐந்தாம் பதிப்பு வந்தது. அது 1.1இன் பெயர்விதியை எடுத்து 1.0இனுள்ளே வைத்தது. பிழைதிருத்தம் என்னும் பெயராலேயே இம்மாற்றம் புகுந்தது. இதன் நன்மையை முதலிற் கூறுதல் முறையாகும். சிங்களரும் எத்தியோப்பியரும் தம் எழுத்திலே குறிச்சொல் அமைக்கும் உரிமை பெற்றனர். வரிமுடிவு பற்றிய 1.1இன் தொல்லை நீங்கிற்று. இனி ஒருங்குறியில் எவ்வெழுத்துச் சேரினும் விதியைத் திருத்தவேண்டுவதில்லை. இத்தாராளத்தினாலே ஆய்தம் மட்டுமன்றி, தனித்து நில்லாத உயிர்க்குறியும் புள்ளியுங்கூடப் பெயரின் முதலில் வரலாம் என்றாயிற்று. இலக்கணம் அறிந்தார்க்கு இது நகைப்பைத் தரலாம். ஆனால் எம்மொழியின் மொழிமுதலெழுத்து இன்னதென விதித்தல் பொதுவிதிகளின் கடமையன்று. எனவே இதனை யாம் குறையாகக் கொள்ளவில்லை.

குறை வேறிடத்தில் உளது. விதி மாறிற்று, எண் மாறவில்லை. முதற்பதிப்பு, 1.0 விதிக்கு இணங்காத ஆவணம் 1.0 எனத் தன்னைக் கூறிக்கொள்ளுதல் பிழையென்று தெளிவாக உரைத்திருந்தது. இப்பொழுது சிங்களக் குறிச்சொல் உடைய ஆவணமொன்று தன்னை 1.0 என்று கூறிக்கொள்கிறது. ஐந்தாம் பதிப்பின்படி அது செம்மையானது. நான்காம் பதிப்பின்படி அது பிழையுடையது. பழைய மென்பொருளிடம் கொடுத்தால், அவ்வொரு குறிச்சொல்லைக் கண்டவுடன் மேலே செல்லாது நின்றுவிடும். ஏனெனில் இத்தகைய பிழை கண்டவிடத்து நிறுத்திவிடுதலே எக்ஸ்.எம்.எல். விதித்த கண்டிப்பு. ஓர் ஊரின் பதிவேடு முழுவதும் இவ்வாறு படிக்கப்படாது கிடக்கும். மென்பொருளை ஆக்கியவர் விதிப்படி ஆக்கினார். ஆவணத்தை எழுதியவரும் விதிப்படி எழுதினார். இருவரும் ஒரே எண்ணைச் சுட்டுகின்றனர்; இருவரும் வெவ்வேறு விதியைக் கருதுகின்றனர்.

அன்றியும், ஐந்தாம் பதிப்பு மேலும் ஒருபடி சென்றது. ஒன்று என்னும் தலையெண்ணையுடைய வேறெவ்வடிவெண் ஆவணத்திற் காணப்படினும், 1.0ஐப் படிக்கும் மென்பொருள் அதனை 1.0 ஆவணமாகவே கொண்டு படிக்கும் என்றது. எவ்வெண்ணைச் சொன்னாலும் ஒரே விதி. ஒரே எண்ணுக்கோ இருவேறு விதி. இவ்விரண்டும் சேர்ந்தபின் வடிவெண் என்னும் உறுப்பு சொல்லும் செய்தி யாதென்று கேட்டால், விடை கூறுதல் அரிது.

இவ்விடத்திலே நம் பதிப்பாசிரியர் மரபை ஒப்புநோக்குதல் தகும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, தமக்குக் கிடைத்த ஏடுகளின் நிலையை முகவுரையிலே விரித்துரைத்தனர். பின்வந்த பதிப்புகளிலே திருத்தம் செய்தபோது ஐயர் அப்பதிப்புக்கெனத் தனி முகவுரை எழுதினார். புறநானூற்றின் ஒரு பாடத்தை மேற்கோள் காட்டுவோர், எப்பதிப்பின் பாடம் என்று சுட்ட வழியுண்டு. எக்ஸ்.எம்.எல். விதிநூலும் தன் முகப்பிலே ஐந்தாம் பதிப்பென்று தன்னைக் குறிப்பிடத்தான் செய்கிறது. ஆனால் அவ்விதிநூலைப் பின்பற்றி எழுதப்படும் ஆவணம் எப்பதிப்பைப் பின்பற்றியது என்று தன் பாயிரத்திற் கூற இடமில்லை. விதிநூல் தனக்குக் கொண்ட உரிமையைத் தன் வழி நடப்போர்க்கு அளிக்கவில்லை. எமது மறுப்பின் மையம் இதுவே.

இதற்கு மறுமொழி கூறுவோர், எண்ணை மாற்றினால் எவரும் படியார் என்பதை 1.1இன் வீழ்ச்சி காட்டிவிட்டது என்பர். வலைப்பக்கங்களின் மொழியாகிய எச்.டி.எம்.எல்.லையும் சான்றாகக் காட்டுவர். 1999ஆம் ஆண்டின் 4.01 வடிவத்திலே நீண்ட அறிவிப்பொன்று பக்கத்தின் தலைப்பில் இருந்தது. 2014ஆம் ஆண்டில் பரிந்துரையான ஐந்தாம் வடிவத்திலோ எண்ணே இல்லை. மொழியின் பெயரைமட்டும் கூறும் ஒரு சிறுவரி எஞ்சியது. அதுவும் உலாவிகள் பழைய பக்கங்களுக்கெனக் கைக்கொள்ளும் சலுகை முறையிற் புகாதிருத்தற்கேயாம். 2019இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, இம்மொழியின் விதிநூலை என்றும் திருத்தப்பட்டுவரும் ஒரே நூலாகப் பேணுதற்கு இசைந்தது. எண்ணில்லாமலே வலை வாழ்கின்றதே, ஆவணத்திற்கு எண் எதற்கு என்பது அவர் வினா.

இவ்வினா வலியுடையது, ஆயினும் ஒரு வேறுபாட்டைக் காணாது விடுகின்றது. வலைப்பக்கத்தைப் படிக்கும் உலாவி பிழை கண்டவிடத்து நில்லாது, இயன்றவரை பொருள்கொண்டு மேற்செல்லும். பழைய பக்கங்கள் யாவும் படிக்கப்படவேண்டும் என்னும் உறுதியோடு அதன் விதிநூல் திருத்தப்படுகின்றது. எக்ஸ்.எம்.எல்.லோ பிழை பொறாதது. பொறுமையுள்ள ஆசிரியரிடம் பாயிரமின்றிச் செல்லலாம். கண்டிப்புள்ளவரிடம் அவ்வாறு செல்லுதல் இயலாது. எண் வேண்டாமெனின் பொறுமையை விதித்திருத்தல் வேண்டும். கண்டிப்பு வேண்டுமெனின் எண்ணை மெய்யாக வைத்திருத்தல் வேண்டும். ஐந்தாம் பதிப்பு இரண்டனுள் ஒன்றையும் செய்திலது.

வளர்ச்சியும் ஒப்பும் ஒருங்கு நிற்கக்கூடும் என்பதற்கு ஒருங்குறியே சான்று. 2.0 வடிவத்திற்குப் பின், ஒருமுறை இடம்பெற்ற எழுத்து நீக்கப்படுவதில்லை, இடம் மாற்றப்படுவதுமில்லை என்னும் உறுதியை அது காத்துவருகின்றது. ஆயினும் அவ்விடத்தும் பாயிரத்தின் தேவை தீர்ந்துவிடவில்லை. ஶகரம் சேர்ந்தபின், ‘ஸ்ரீ’ என்னும் ஒரே வடிவம் ஸகரத்தைக்கொண்டும் ஶகரத்தைக்கொண்டும் எழுதப்படலாயிற்று. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டும் கணினிக்கு வேறு. ஔகாரத்தை ஓரெழுத்தாக இடுவாரும், ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து இடுவாரும் உளர். ‘ஔவை’ என்று தேடுவார்க்கு மற்றவாறு எழுதிய ஔவையார் அகப்படமாட்டார். ஆளின் பெயரைத் தேடும் பதிவேட்டிலே இவ்வேறுபாடு ஒரு குடும்பத்தையே மறைத்துவிடும். எக்காலத்து, எம்மரபிலே தட்டச்சிடப்பட்டது என்னும் குறிப்பு இருந்தால் தேடுவோர் இரண்டையும் தேடுவர்.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? கூட்டமைப்பின் விதியை மாற்றுதல் நம் கையில் இல்லை. ஆனால் ஒருவரிப் பாயிரம் கூறாததை ஆவணத்தினுள்ளே விரித்துக் கூறுதல் நம் கையில் உளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னூல்களின் தலைப்பிலே தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைக் குறித்துவருதல் நல்ல முன்மாதிரியாகும். உரைகளைக் குறியிடுதற்கென்று அறிஞர் வகுத்த டி.ஈ.ஐ. நெறிமுறையின் 2007ஆம் ஆண்டு வடிவத்திலே, மூலநூல் யாது, எவ்வாறு குறியேற்றப்பட்டது, எப்போது யார் திருத்தினர் என்பவற்றுக்குத் தனித்தனி உறுப்புக்களையுடைய முகப்பு ஒன்று கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சிறப்புப்பாயிரத்தின் எட்டு உறுப்புக்களோடு அதனை ஒப்பிட்டுக் காண்பார்க்கு வியப்பு உண்டாகும். 2005இல் தோன்றிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே மலையகத்து வெளியீடுகள் சேர்ந்துவருகின்றன. இனித் தோட்டப் பதிவேடுகளையும் பாடசாலை மலர்களையும் குறியிட்டுச் சேமிக்க முன்வரும் மாணவர் மூன்றினைக் கடைப்பிடித்தல் நன்று. குறியேற்றத்தை மெய்யாக அறிவித்தல் ஒன்று. எப்பதிப்பின் விதியைத் தழுவினோம் என்பதை முகப்பிலே சொற்களால் எழுதிவைத்தல் இரண்டு. ஏட்டின் நிழற்படத்தையும் உடன்வைத்தல் மூன்று.

ஐந்தாம் பதிப்பு நல்ல விதியைத் தந்தது. அவ்விதி புதிது என்று சொல்லும் கடமையைத் தவறவிட்டது. விதிநூலார்க்கு இது சிறு குறையாகத் தோன்றலாம். ஒரு தாளைக் காட்ட இயலாமையால் தலைமுறை தலைமுறையாக நாடற்றிருந்த மக்களுக்கு இது சிறு குறையன்று. அவர்தம் பெயரைத் தாங்கும் ஆவணம், தான் எவ்விதியால் எழுதப்பட்டது என்பதைத் தானே சொல்ல வல்லதாக இருத்தல் வேண்டும்.